மிளகு மிதித்த கால்

கொழும்பில் அந்தப் பிள்ளைகள் வார்டில் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்து, பிழைத்து வீடு போய், இப்போது நாற்பதைத் தாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "உசிரோட இருக்கியே, அல்ஹம்துலில்லாஹ், அது போதாதா?" என்கிறார்கள். போதும்தான். அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடமும் என் வாயை அடைத்தார்கள்.

போன மாதம் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினேன். அதில் இரண்டு கோப்பைத் தண்ணீர்கூட இருக்கவில்லை. வலது மணிக்கட்டில் உலர்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. நோவு பிறகுதான் வந்தது. மாத்தளையில் கட்டுப் போட்டவர், இவ்வளவு லேசாக ஒடியக் கூடாதே என்று சொல்லி, எலும்பைப் படம் எடுக்கக் கண்டிக்கு அனுப்பினார். அங்கே படத்தைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், எனக்கு மகளாக இருக்கக் கூடிய வயது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் விவரம் எழுதிய கோப்பைப் பார்த்தாள்.

"உங்க வயசு நாற்பத்தாறுதானே?"

"ஆமா."

"எலும்புக்கு எழுபது ஆகிட்டு."

ஏழு வயதில் வந்த இரத்தப் புற்றுநோயைச் சொன்னேன். இரண்டரை வருட மருந்தைச் சொன்னேன். முகத்தைப் பூசணிக்காயாக்கிய அந்த மாத்திரைகளைச் சொன்னேன், உங்களுக்கு நினைவிருக்கும். அவள் தலையாட்டினாள். அந்த மாத்திரைகள் எலும்பை மெலிய வைக்குமாம். ஓடிக் குதித்து, பாதம் நிலத்தில் அடிபட அடிபடத்தான் வளர்கிற வயதில் எலும்பு இறுகுமாம். அந்தச் சில வருடத்தில் சேர்த்து வைப்பதைத்தான் சாகும்வரை செலவழிக்கிறோமாம்.

"மருந்து முடிஞ்ச பிறகு நல்லா ஓடி விளையாடினீங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். பாவம், சிங்களப் பிள்ளை, பழகிப் பேசுகிற தன் தமிழைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள், முகம் வாடிப்போனது.

"அந்த நேரம் யாருமே உங்களுக்கு நடங்க, குதிங்க என்று சொல்லல்லையா?"

ஒருத்தர் சொன்னார் என்றேன். டாக்டரா என்று கேட்டாள். இல்லை, எங்கள் வீட்டுக்கு மிளகு மிதிக்க வந்தவர் என்றேன். அவள் அதைக் கோப்பில் எழுதவில்லை.

எங்கள் வீடு மாத்தளைப் பக்கம் யட்டவத்தையில், சந்தைக்குக் கொஞ்சம் கீழே. வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். கொழும்பிலிருந்து என்னைக் கடைசித் தடவையாகக் கூட்டிவந்த நாளில் எனக்குப் பத்து வயது ஆகவில்லை. வாடகை வானின் கதவைத் திறந்து வாப்பா என்னைத் தூக்கி இறக்கினார். வீட்டு வாசலில் உம்மா ஒரு பிரம்புக் கதிரையை வாங்கி வைத்திருந்தார், புதிதாகப் பின்னியது, வார்னிஷ் மணம் போகாதது. அதில் பஞ்சு மெத்தை, மெத்தைக்கு மேலே போர்வை, அதற்கு மேலே நான். அன்றைக்கு வைத்ததுதான்.

கொழும்பில் டாக்டர் சொன்னது ஒரே ஒரு வசனம். பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள், எப்படிக் கவனம் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. எங்கள் வீட்டில் அந்த வசனத்தைக் குர்ஆனைப் போல உயரத்தில் தூக்கி வைத்தார்கள். பிள்ளைக்குக் கவனம். படியில் கவனம், வெயிலில் கவனம், பிள்ளைகளோடு சேர்ந்தால் கவனம். குளியலறைக்குக்கூட உம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். பத்து வயதுப் பிள்ளையை! பக்கத்திலிருக்கும் நாலந்தாக் குளத்துக்குக் குடும்பமாகப் போன அன்று மற்றப் பிள்ளைகள் அணைக்கட்டில் ஓடித் தீர்த்தார்கள். நான் வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன். வந்தவர், போனவர் எல்லோருக்கும் என் பெயர் மறந்துபோனது. "ஏலாத புள்ள எப்பிடி?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியை அப்படித்தான் சொல்வோம். நோய் போன பிறகும் என்னை அப்படித்தான் சொன்னார்கள்.

இதில் இன்னொரு கூத்து. எலும்புக்குப் பலம் என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆட்டுக்கால் சூப். மேலே எண்ணெய் மிதக்க, மிளகு தூவி, பீங்கான் கோப்பையில். அந்த ஆடு மலையெல்லாம் ஏறி இறங்கி வளர்த்த கால் அது. அதைக் காய்ச்சிக் கதிரையில் கிடக்கிற எனக்கு ஊற்றினார்கள். குடிக்கும்வரை உம்மா எதிரிலேயே நிற்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மிளகுக் காலம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில், அதற்கு முன்னால் சீமெந்துத் தரை. பச்சை மிளகுக் கொத்துகள் சாக்குச் சாக்காக வரும். ஒரு நாள் குவித்து மூடி வைப்பார்கள். மறுநாள் அதைக் காலால் மிதித்து, மணி வேறு காம்பு வேறாகப் பிரித்து, சுளகில் புடைத்து, பாயில் காயப் போடுவார்கள். அந்தப் பச்சை வாசம் தொண்டைக்குள் இறங்கி இருமல் வரும். உம்மா கதிரையைக் கொட்டில் பக்கத்து நிழலுக்கு மாற்றி வைத்தார், பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று. அது ஒன்றுதான் தனக்கே தெரியாமல் அவர் எனக்குச் செய்த நல்ல காரியம்.

மிதிக்க வந்தவர் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, மாத்தளையில் அடுத்த பஸ் ஏறி வருவார். முப்பது வயது இருக்கும். தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் மிளகு வீடுகளுக்குப் போவார். எங்கள் வீட்டில் அவரை 'மிதிக்கிற பொம்பள' என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இங்கே அக்கா என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு நாளும் வாயால் கூப்பிட்டதில்லை.

கொட்டிலின் கூரை வளையிலிருந்து ஒரு தும்புக் கயிறு தொங்கும். அக்கா காலைக் கழுவி, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குவியலில் ஏறுவார். குதிகால், விரல், குதிகால், விரல். சரக் சரக் என்று காம்பு கழலும். முதுகு ஒரு இடத்திலும் வளையாது. பேச்சும் அந்தத் தாளத்திலேயே வரும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மிதித்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பாவுக்குக் காலு வராதா?"

"வரும். ஏலா."

"ஏலாதுன்னு யாரு சொன்னது?"

யோசித்தேன். யாரென்று சொல்வது? "எல்லாரும்" என்றேன்.

"எங்க லயத்துல காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ளைய மொதல்ல பீலிக்குத் தண்ணி எடுக்கத்தான் அனுப்புவோம். படுக்கவே விட்டா காலு மறந்துரும் பாப்பா."

பகல் லுஹர் தொழுதுவிட்டு உம்மா ஒரு தூக்கம் போடுவார். வாப்பா கடையில். அந்த நேரத்தில்தான் நான் முதல் தடவை கதிரையிலிருந்து இறங்கினேன். சீமெந்துத் தரை சுட்டது. அக்கா ஒரு செம்புத் தண்ணீரை என் பாதத்தில் ஊற்றி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, கயிற்றை என் கையில் தந்தார். குவியலில் கால் வைத்ததும் மணிகள் உருண்டு உருண்டு ஓடின, நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றேன். பத்து மிதி. அவ்வளவுதான். தொடை நடுங்கியது. இறங்கி வந்து கதிரையில் விழுந்தேன். விரலிடுக்கில் மிளகுச் சாறு பட்டு எரிந்த எரிச்சல் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும்வரை போகவில்லை. அந்த எரிச்சலை யாருக்கும் சொல்லாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டு இருந்த சந்தோசம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

மறுநாள் இருபது. பிறகு ஐம்பது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். அக்கா ஒரு முனையில், நான் ஒரு முனையில். என்னைக் கொஞ்சவே மாட்டார். ஒரு நாள் நான் உற்சாகத்தில் குதித்ததில் மணிகள் நசுங்கிவிட்டன. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்னா மிதி? எருமை மாடா நீ? கீழ பாத்து மிதி. மணி ஒடஞ்சா முதலாளி என்னையத்தான் கேப்பாரு."

நோய் வந்த பிறகு என்னை ஒருவரும் ஏசியதில்லை. பாலைக் கொட்டினாலும் ஏச மாட்டார்கள், சாகப்போகிற பிள்ளையை யார் ஏசுவார்கள்? எருமை மாடு என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அது என்ன அழுகை என்று அன்றைக்குத் தெரியவில்லை. அன்று முதல் கீழே பார்த்து மிதித்தேன்.

வாரங்கள் போகப் போகப் பசி வந்தது. மாத்திரை தருகிற பேய்ப் பசி நமக்குத் தெரியும். இது அது இல்லை. சோறு ருசித்தது, இரவில் கால் உளைந்து நல்ல நித்திரை வந்தது. கெண்டைக்காலில் தொட்டால் தெரிகிற மாதிரி ஒரு திரட்சி. ஒரு நாள் சாக்கு அடுக்கின் மேலே ஏறி நின்று தரைக்குக் குதித்தேன். அக்கா கை தட்டவில்லை. "இன்னொருக்கா" என்றார்.

உம்மாவும் கவனித்தார். என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, வாப்பாவிடம், "பாத்தீங்களா, சூப்பு வேல செய்யிது" என்றார். மறுவாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் சூப்.

நாற்பது நாள் இருக்கும், சாக்குகள் குறைந்துகொண்டு வந்தன. அன்று எனக்குக் கயிறுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிதித்தேன். அக்கா ஓரத்தில் நின்று சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார். உம்மா தலைவலியென்று தூக்கத்திலிருந்து சீக்கிரம் எழும்பிப் பின்கதவைத் திறந்தார்.

"யா அல்லாஹ்! புள்ளைய கொல்லப் போறாளே!"

ஓடி வந்தார். குவியலில் செருப்புக் காலோடு ஏறி, என் இடது கையைப் பிடித்து இழுத்தார். பயத்தில் இழுத்த இழுப்பு. நான் நிலை தவறி விழவில்லை, கேளுங்கள். நான் நன்றாகத்தான் நின்றேன். உம்மாவின் பிடிக்குள்தான் அது ஒடிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது, உம்மாவுக்கும் கேட்டிருக்கும். சுளகைக் கீழே வைத்த அக்காவுக்கும் கேட்டது.

டவுனில் கட்டுப் போட்டு, வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது பின்னேர அஸர் தொழுகை தாண்டிவிட்டது. அக்கா போகவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுக் கொட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். உம்மா வாசற்படியில் குந்தியிருந்து முக்காட்டால் முகத்தைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். அழுகை மட்டும்தான்.

வாப்பா என்னைக் கதிரையில் வைத்தார்.

"மகள், யாரு ஒனக்கு அதுல ஏறச் சொன்ன?"

உம்மாவைப் பார்த்தேன். உம்மா முக்காட்டை எடுக்கவில்லை. இரண்டரை வருடம் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்த உம்மா. அவர் இழுத்ததில்தான் கை ஒடிந்தது என்று எப்படிச் சொல்வது?

"அவதான்" என்றேன். "அவதான் கூப்பிட்ட. அவட வேலைய எனக்குச் செய்யச் சொன்ன. செய்யாட்டி ஏசுவா."

எங்கிருந்து அப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எருமை மாடு என்றதைக்கூடச் சொன்னேன்.

வாப்பா அடிக்கிறவர் இல்லை. அன்றைக்குச் சத்தம் போட்டார். "ஏலாத புள்ளைட்ட வேல வாங்கியீக்கியே, நீ மனுசியா?" என்றார். அக்கா வாப்பாவைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் இரண்டடி வந்து, "கை நோவுதா பாப்பா?" என்று கேட்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சந்தை சின்னது. மிளகு வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு. ஏலாத பிள்ளையை மிதிக்க வைத்தவள் என்ற கதை ஒரு வாரத்தில் எல்லாக் கொட்டிலுக்கும் போய்விட்டது. அடுத்த பருவத்தில் எங்கள் வீட்டுக்கு வேறு ஆள் வந்தார். கதிரையை உம்மா முன் வாசலுக்கு மாற்றினார், எனக்குக் கொட்டில் தெரியாத இடமாகப் பார்த்து.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் நான் நடக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போனேன், விளையாட்டு நேரத்தில் வகுப்பில் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் ஏலாத புள்ள என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன், அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று வருடமாகத் தொழுகையும் கதிரையில்தான். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்ய முடியாத ஒருத்தியின் மனது உங்களில் சிலருக்காவது விளங்கும்.

உம்மா கண்ணை மூடி மௌத்தாகும்வரை வெள்ளிக்கிழமை தோறும் என் இடது கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். கண்ணைப் பார்க்க மாட்டார். தேய்த்து முடிந்ததும், "அந்தப் பொம்பள செஞ்ச வேல" என்று ஒரு வார்த்தை சொல்வார். நானும் ஓம் என்பேன். முப்பது வருடம் இப்படி ஆளுக்காள் பொய் சொல்லிக்கொண்டோம். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். உம்மாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் அடங்கிய கபுறடிக்குப் போய்த் துஆ கேட்டுவிட்டு அந்தக் கோபத்தோடுதான் திரும்பி வருகிறேன்.

கண்டி டாக்டர் மாத்திரை எழுதித் தந்தாள். அன்றைக்கே ஓடி விளையாடியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு மோசமாகி இருக்காது என்றாள். பிறகு பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண்ணிடம் அனுப்பினாள். அந்தப் பெண் என்னைச் சுவரில் இருந்த கம்பியைப் பிடிக்கச் சொன்னாள். "நின்ற இடத்திலேயே மிதிங்க. குதிகால், விரல், குதிகால், விரல். அவசரமில்ல." எனக்கு அழுகை வந்தது. நோவுதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மறுவாரம் மாத்தளைக்குப் போய் இரத்தோட்டை பஸ் ஏறினேன். மிதிக்கும்போது அக்கா தன் பெயரையும் தோட்டத்தையும் லயத்தையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸால் இறங்கி ஒரு த்ரீவீல் பிடித்து மேலே போய், லயத்து முனையில் பெயர் சொல்லிக் கேட்டேன். விறகுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார்கள். இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கவில்லை, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரை நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

மேட்டில் ஏறி வந்தார். எழுபதுக்குப் பக்கத்தில் வயது. தலையில் விறகுக் கட்டு, அதைக் கையால் பிடிக்கக்கூட இல்லை. முதுகு அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யட்டவத்தை" என்றேன். "மிளகு முதலாளியின் மகள்."

"தெரியுதுங்க" என்றார்.

நான் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் கலைந்துபோனது. "அன்டைக்கி நான் சொன்ன பொய் அக்கா. உம்மாதான் இழுத்த. நீங்க ஒன்டும் செய்யல்ல" என்று உளறினேன்.

அக்கா கையில் ஒட்டியிருந்த விறகுப் பட்டைத் தூசியைத் தட்டினார்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதாங்க? நானும் அங்கதானே நின்னேன். அதுக்கப்புறம் எந்த மிளகு வீட்டுலயும் ஏத்துக்கல. மலையே கதின்னு கெடந்தேன். அது போகட்டும்." விறகுக் கட்டைக் காலால் ஓரம் தள்ளினார். "கை நோவுதான்னு கேட்டேன். மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. அதுதாங்க எனக்கு நெனப்புல நிக்கிது."

அன்றைக்கு நீ என்று ஏசியவர், இன்றைக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் என் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது, ஊன்றுகோல் தரையில் தட்டிக்கொண்டது. அக்கா அதைப் பார்த்தார். என் இரண்டு காலையும், மணிக்கட்டில் இருந்த கட்டையும், கூனிய தோளையும் பார்த்தார். உள்ளே போனார்.

ஏலாதுன்னு யாரு சொன்னது என்று கேட்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் இரண்டு பஸ் மாறி, அந்த மேட்டில் ஏறி, அவ்வளவு தூரம் போனேன் என்று அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேலைத் தலைப்பால் தூசியைத் தட்டி, என் பின்னால் வைத்தார்.

"ஏலாத ஒடம்பு" என்றார். "நிக்காதீங்க. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.